ஏரிக்கரை அம்மனுக்கு ஒரு நெட்டை லாரி

ஒரு பொருள் கோணலாக இருந்தால், செய்தவனைத் தவிர மற்ற எல்லாருக்கும் அது தெரியும். சாம்பாரில் உப்பு தூக்கல் என்பது சமைத்தவருக்குக் கடைசியில்தான் தெரிகிறது. மாப்பிள்ளையின் மீசை ஒரு பக்கம் ஏறியிருப்பது பந்தலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த பிறகுதான் மாப்பிள்ளைக்குத் தெரிகிறது. நான் செய்த லாரி விஷயத்தில் இந்த வழக்கம்கூட எனக்குக் கைகொடுக்கவில்லை. அது கோணல் என்று எல்லாருக்கும் தெரிந்தது. எங்கே கோணல் என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

லாரி என்றதும் டீசலும் புகையுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் செய்கிற லாரி மடியில் வைத்துக்கொள்கிற அளவுதான் இருக்கும். அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்காத வீடே கிடையாது. அந்தத் தெருவில், கல்யாணமாகி, மீசையும் வைத்துக்கொண்ட ஓர் ஆள், தறியை விட்டு இறங்கியதும் தகரத்தை வெட்டிக்கொண்டு, வாயால் 'டுர்ர்ர்' என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அது நான்தான். (வாயால் சத்தம் கொடுத்தால்தான் சக்கரம் சரியாக உட்காரும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

பேக்கிங் பெட்டிப் பலகையில் அடிச்சட்டம். வனஸ்பதி டின்னைப் பிரித்து நிமிர்த்தினால் முகப்பு. தேய்ந்த ஹவாய் செருப்பை வட்டமாக அறுத்தால் டயர். டாக்டர் வீட்டில் வேண்டாமென்று போட்ட எக்ஸ்ரே படத்தை வெந்நீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் முன்கண்ணாடி. (எவ்வளவு தேய்த்தாலும் யாருடைய விலா எலும்போ மங்கலாகத் தெரியும். அதனால் என்ன, லாரிக் கண்ணாடி என்றைக்குச் சுத்தமாக இருந்திருக்கிறது?) மை ஊற்றுகிற ஃபில்லரின் ரப்பர் தலைதான் ஹாரன். ஸ்டீயரிங்குக்கு வளையல். இந்த வளையல் விஷயத்தில் என் மனைவி ராஜம் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"வளையல் ஒடஞ்சா ஆகாதுன்னு சொல்வாங்க. ஒடையாமலே காணாம பூட்டா அதுக்கு இன்னாங்க சொல்வாங்க?"

யார் எதை அழகாகச் சொன்னாலும் அதை மனசில் முடிந்து வைத்துக்கொள்கிற வியாதி எனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. பதில் சொல்கிற வழக்கம்தான் கிடையாது.

ரோட்டில் போகிற லாரியை அப்படியே செய்துவிட்டால் எனக்குத் திருப்தி வராது. அதற்கு மேல் என் கைவேலை ஏதாவது இருக்க வேண்டும். பக்கக் கண்ணாடியில் மிச்சச் சரிகையில் குஞ்சம் கட்டுவேன். மட்கார்டில் தாமரை வரைவேன். தலைக்கு மேல் சாமான் வைக்கக் கம்பியில் ஒரு கூடு. ஒரு வண்டிக்குப் புடவை முந்தானை மாதிரியே பின்பக்கம் பார்டர் போட்டேன். எல்லாம் எங்கள் தறி அறை அலமாரியில் வரிசையாக நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் நைனா ஒரே வசனம்தான் சொல்வார்.

"ஊர்ல அவனவன் லாரி வாங்கி சம்பாரிச்சிக்கினு இருக்கான். நம்ம ஆளு லாரி செஞ்சி செருப்பத் தொலைச்சிக்கினு இருக்கான்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் தாமல் முனுசாமி அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமமான தாமலில் கொஞ்சம் நிலமும், ஒரே ஒரு லாரியும் உள்ளவர். கூடவே அவருடைய டிரைவர் பாஷா. பாஷா எங்கள் தெருவுக்கு விறகு இறக்க வந்தபோது ஜன்னல் வழியாக என் அலமாரியைப் பார்த்துவைத்திருக்கிறார்.

"லாரி பண்றது நீதானா தம்பி?"

"பொம்மைதாங்க பண்றேன்."

"அதான்பா வேணும்."

விஷயம் இதுதான். அவருடைய வண்டி தாமல் ஏரிக்கரை மேல் வந்துகொண்டிருக்கும்போது மண் சரிந்து, பாஷாவோடு அப்படியே ஏரிக்குள் இறங்கிவிட்டது. கரையில் நின்றிருந்த முனுசாமி அண்ணன், அங்கேயே இருக்கிற ஏரிக்கரை அம்மனைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். 'தாயே, ஆளும் வண்டியும் முழுசா வெளிய வந்தா, இதே வண்டி மாதிரி அச்சு அசலா ஒண்ணு செஞ்சி உன் வாசல்ல வெக்கிறேன். வெக்கிற வரைக்கும் லோடு ஏத்தமாட்டேன்.'

"வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் முழுசா வந்துடுச்சு. இதோ நிக்கிறான் பாரு."

"கூட மீனும் வந்துச்சு," என்றார் பாஷா.

அந்தப் பக்கத்துக் கோவில்களில் வேண்டுதலுக்கு மண்குதிரை செய்து வைப்பார்கள். கை கால் வலிக்குக் கை கால், குழந்தைக்குத் தொட்டில் என்று செய்து வைக்கிறதும் உண்டு. லாரிக்கு லாரி என்பது அவர்களுக்கு ஒன்றும் அதிசயமில்லை. செய்ய ஆள் இல்லை என்பதுதான் கஷ்டம்.

"குயவர் வீட்ல கேட்டேன்பா. குதிரைன்னா நாளைக்கே தரேன்றாரு. நாலு காலு போட்டது எதுவா இருந்தாலும் வருமாம், நாலு டயர் போட்டது வராதாம். நீதான் காப்பாத்தணும். வண்டி சும்மா நின்னுக்கினு இருக்குது. அது நின்னா என் வீட்ல உலையும் நிக்குது."

நான் சரி என்று தலையாட்டி முடிப்பதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். நைனா தறியிலிருந்து இறங்கி வந்தார்.

"டேய். இது சாமி காரியம். உன் வெளையாட்டில்ல. இதுல ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சு, அந்த அலமாரில நிக்கிற அத்தினியும் வெந்நீர் அடுப்புக்குத்தான். நான் சொல்லிட்டேன்."

நைனா சொன்னால் சொன்னதுதான். அலமாரியைப் பார்த்தேன். வரிசையாக நின்ற வண்டிகள் எல்லாம் ஹெட்லைட்டை அகல விரித்துக்கொண்டு என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

அதுவரை நான் செய்த வண்டிகள் எல்லாமே கண்ணளவில் செய்தவை. ரோட்டில் ஒரு லாரியைப் பார்ப்பேன், வீட்டுக்கு வந்து செய்துவிடுவேன். யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் இது அம்மனுக்கு. ஆகவே இதை முறைப்படி செய்வது என்று தீர்மானித்தேன். (என் வாழ்க்கையில் நடந்த கெடுதல் எல்லாம் நான் முறைப்படி செய்த காரியங்களால் வந்தவைதான்.)

எனக்கு வீட்டில் இன்னொரு வேலையும் இருந்தது. புடவையில் வருகிற புட்டாவுக்குக் கட்டம்போட்ட காகிதத்தில் படம் போடுவது. மயில், அன்னம், யாளி எல்லாம் போடுவேன். தெருவில் எனக்குக் கொஞ்சம் பேரும் இருந்தது. அந்தக் கர்வத்தோடு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு தாமலுக்குப் போய், நின்றுகொண்டிருந்த லாரியை முகப்பிலிருந்து வால் வரைக்கும் அளந்தேன். பாஷா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"தர்ஜி சட்டைக்கு அளக்கிற மாதிரி அளக்கிறியே தம்பி. கழுத்து கொஞ்சம் லூசா வெச்சிடு," என்றார்.

வீட்டுக்கு வந்து, கட்டக் காகிதத்தில், மயில் போடுகிற அதே கணக்கில், அதே கையால், அழகாக லாரியைப் போட்டு முடித்தேன். நைனாவிடம் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காகிதத்தைத் தள்ளிப் பிடித்து, பிறகு கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்குது. பாத்து வெட்டு."

நைனா வாயிலிருந்து 'சரி' என்று வருவது சாமானியமான விஷயமில்லை. நான் மிதந்துகொண்டிருக்கும்போது ராஜம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, வண்டி இன்னாத்துக்கு எழுந்து நின்னுக்கினு இருக்குது?"

நானும் நைனாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். ராஜத்தின் பிறந்தகம் ஐயம்பேட்டை. அவர்கள் வீட்டில் நெய்வது லுங்கி. லுங்கியில் கட்டம்தான் உண்டு, மயில் கிடையாது. அவளுக்குப் படம் போடுகிற காகிதத்தைப் பற்றி என்ன தெரியும்?

"காகிதத்துல எல்லாம் அப்படித்தாம்மா நிக்கும்," என்றார் நைனா, பெரிய மனசோடு. "வேலை முடிஞ்சா சரியாப்பூடும்."

வேலை ஆரம்பித்தது. காகிதத்தைப் பலகை மேல் ஒட்டி, கோட்டின் மேலேயே அறுத்தேன். தகரத்தை அதே அளவில் வெட்டினேன். மட்கார்டில் ஏரிக்குள் போனபோது விழுந்த சொட்டையைக்கூடச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கொண்டுவந்தேன். அச்சு அசல் என்று சொல்லியிருக்கிறார்களே! நம்பர், முகப்பில் எழுதியிருந்த முருகன் துணை, வலது கதவில் உரிந்த பச்சைப் பெயிண்ட், எல்லாம் வந்துவிட்டது.

ஆனால் முடிய முடிய எனக்குள் ஏதோ ஒன்று நெருடியது. மூக்கு சரி, கண் சரி, காது சரி. முகம் மட்டும் வேறு யாருடையதோ என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தேன். திடீரென்று திரும்பினால் தெரிந்துவிடும் என்று, வேறு வேலை இருக்கிறவன் மாதிரி நடந்துபோய்ச் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். வண்டி அப்படியே நின்றது. காகிதத்தை எடுத்து ஒவ்வொரு இடமாக ஒத்துப் பார்த்தேன். ஒரு நூல் பிசகவில்லை. காகிதம் சரியென்றால் வண்டியும் சரி. காகிதத்தை நைனாவே சரி என்றிருக்கிறார். அப்படியானால் என் கண்ணில்தான் கோளாறு.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள் ராஜம்.

"முடிஞ்சிடுச்சு."

"சரியாப்பூட்டுச்சா?"

"...பெயிண்ட் காயட்டும்."

பெயிண்ட்டும் காய்ந்தது.

ஆடி வெள்ளிக்கிழமை என்று முடிவாகியிருந்தது. வண்டியைப் பழைய வேட்டியில் சுற்றி, நான், நைனா, ராஜம் மூவரும் பஸ்ஸில் கிளம்பினோம். மடியில் மூட்டை நெட்டுக்கு நின்றது. என்னால் முன்னால் பார்க்கவே முடியவில்லை. பக்கத்து சீட்டு அம்மா மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எந்த சாமிப்பா?"

"லாரிங்க."

"அப்படி ஒரு சாமிய நான் கேள்விப்பட்டதே இல்லியே," என்றவர், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரம் ஒற்றிக்கொண்டார்.

தாமலில், கோவில் வாசலில் பெரிய லாரி கழுவி, மாலை போட்டு, புது மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஊரே கூடியிருந்தது. முனுசாமி அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் ஓடிவந்து மூட்டையை வாங்கி, பெரிய லாரிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்து, வேட்டியைப் பிரித்தார்.

பிரித்ததும் எல்லாரும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பிள்ளை பிறந்த வீட்டில், குழந்தை அப்பா ஜாடையும் இல்லை அம்மா ஜாடையும் இல்லை என்றால் வந்தவர்கள் என்ன சொல்வது என்று தெரியாமல் மூக்கைப் பற்றியும் விரலைப் பற்றியும் பேசுவார்கள் இல்லையா? அப்படி ஆரம்பித்தார்கள்.

"நம்பர் நல்லா எழுதியிருக்குதுபா."

"கண்ணாடியப் பாரு, நெசக் கண்ணாடி மாதிரியே!"

"உள்ள இன்னாபா அது, எலும்பா?"

முனுசாமி அண்ணன் சின்ன வண்டியைப் பார்ப்பார். நாலு எட்டு நடந்துபோய்ப் பெரிய வண்டியைப் பார்ப்பார். திரும்பி வருவார். மட்கார்டு சொட்டையைத் தடவுவார். அங்கே போய் அந்தச் சொட்டையைத் தடவுவார்.

"எல்லாமே சரியாத்தான் இருக்குது," என்றார் மெதுவாக. "ஆனா..."

"ஆனா?" என்றேன்.

"ஆனா இன்னான்னு தெரியலியே தம்பி. இது என் வண்டி இல்லியே!"

பாஷா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "முதலாளி, வண்டி ஷோக்காத்தான் இருக்குது. ஆனா இதுல நான் உக்காந்தா, என் தலைக்கு மேல என் மச்சான் உக்காரலாம். அவன் கொஞ்சம் குண்டு, இருந்தாலும் உக்காரலாம்."

கூட்டத்தில் ஒருவர் இதைத் தேருக்கு டயர் போட்ட மாதிரி இருக்கிறது என்றார். இன்னொருவர் பஸ் என்றார். மூன்றாமவர் ஒருவர் மட்டும் எனக்காகப் பரிந்துகொண்டு வந்தார். "உங்களுக்கெல்லாம் ஒண்ணும் புரியலப்பா. வண்டி ஏரிலேந்து எக்கி மூச்சு விடுதுல்ல, அந்த போஸ்ல செஞ்சிருக்காரு!" கொஞ்ச நேரம் எல்லாரும் அதை ஒத்துக்கொண்டு தலையாட்டிப் பார்த்தார்கள். நானும் ஆட்டினேன். அவ்வளவு குழம்பியிருந்தேன்.

"இருங்க, அளவு இருக்குது," என்று படத்தை எடுத்து விரித்தேன். படமும் சின்ன வண்டியும் ஒன்றாக இருந்தன. படமும் பெரிய வண்டியும் ஒன்றாக இல்லை. டேப்பை எடுத்தேன். நீளம் சரி. அகலம் சரி. உயரத்துக்கு வந்தபோது கணக்கு எங்கேயோ போய் நின்றது. மறுபடி அளந்தேன். மறுபடியும் எங்கேயோ போய் நின்றது. பெரிய வண்டிதான் ஏரியில் ஊறிச் சுருங்கிவிட்டதோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன் என்றால் என் புத்தியின் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் நைனா படத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை, அவருக்கே தெரியாமல், காற்றில் எதையோ பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. விட்டது. மறுபடி இழுத்தது.

"டேய்," என்றார் என் காதில். "பலகை."

"எந்தப் பலகை நைனா?"

"பலகை அடிக்கலடா இதுல!"

தறி தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். புடவையில் மயில் நெய்யும்போது ஒவ்வொரு இழை ஓடியதும் பலகையை இழுத்து அடிப்போம். அடிக்க அடிக்க இழைகள் நெருங்கும், மயிலின் உயரம் அமுங்கும். அகலம் அப்படியே இருக்கும். அதனால் காகிதத்தில் போடும்போதே மயிலை நெட்டையாகப் போட்டுவிட வேண்டும். காகிதத்தில் கொக்கு மாதிரி நின்றால்தான் புடவையில் மயிலாக வந்து உட்காரும். எத்தனையோ மயில் போட்ட கை, லாரியையும் அதே பழக்கத்தில் நெட்டையாகப் போட்டுவிட்டது. எத்தனையோ மயில் பார்த்த நைனாவின் கண்ணும் அதே பழக்கத்தில் சரி என்றுவிட்டது. தகரத்தையும் பேக்கிங் பெட்டியையும் எந்தப் பலகை வந்து அடித்து அமுக்கப்போகிறது? வேலை முடிந்தால் சரியாகிவிடும் என்று நாங்கள் இருவரும் மனசார நம்பியிருக்கிறோம்!

"இப்ப இன்னா பண்றது?" என்றேன்.

"வாயத் தொறக்காத," என்றார் நைனா. "ரெண்டு பேரும் சேந்து மாட்டுவோம்."

நாங்கள் குசுகுசுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பூசாரி பொறுமை இழந்துவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கூழ் ஆறிக்கொண்டிருந்தது. அவர் சின்ன வண்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அம்மன் காலடியில் வைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, "தாயே, ஏத்துக்கினியா சொல்லு," என்று கேட்டுவிட்டார். கேட்ட மாத்திரத்தில் அம்மன் தோளிலிருந்த ஒரு செவ்வரளிப் பூ சரிந்து, நேரே லாரியின் தலை மேல் விழுந்தது. (வண்டி அவ்வளவு உயரமாக இல்லாவிட்டால் பூ பக்கத்தில் தரையில் விழுந்திருக்கும். இதை நான் இன்றுவரை தாமலில் யாரிடமும் சொன்னதில்லை.)

பெண்கள் குலவையிட்டார்கள். "ஏத்துக்கினா! ஏத்துக்கினா!"

முனுசாமி அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"பூசாரி, ஒரு சந்தேகம். நான் சொன்னது இதே வண்டி மாதிரின்னு. இது இதே வண்டி மாதிரி இல்லியே. அம்மா ஏத்துக்கினா, சரி. என் வேண்டுதல் முடிஞ்சிச்சா, முடியலியா? நாளைக்கு லோடு ஏத்தலாமா, கூடாதா?"

பூசாரி யோசித்தார். "பூ குடுத்தாச்சு. இத எடுக்க முடியாது."

"அப்ப இன்னொண்ணு சரியா செஞ்சி வெக்கட்டுமா?"

"முழுகினது ஒரு வண்டிதான? ரெண்டு வெச்சா, இன்னொண்ணும் முழுகட்டும்னு நீயே கேக்கிற மாதிரி ஆயிடாது?"

வைத்ததை எடுக்க முடியாது. இன்னொன்று வைக்க முடியாது. சின்னதும் பெரியதும் ஒத்துப்போகாமல் லோடு ஏற்றவும் முடியாது. முனுசாமி அண்ணன் வீட்டு உலை என்ன ஆவது? ஊரே குழம்பி நின்றது. பிறகு, குழம்பி நின்ற ஊர், ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது.

என் கண்ணுக்கு வெந்நீர் அடுப்பு தெரிந்தது. என் வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே போவது தெரிந்தது. ஹவாய் செருப்பு எரிகிற வாசனைகூட வந்தது. அந்தப் பயத்தில், என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"அண்ணே... சின்னத மாத்த முடியாதுன்னா... பெருச மாத்திட்டா?"

"இன்னாது?"

"பெரிய வண்டிய கொஞ்சம் உசத்திட்டா... இதே மாதிரி ஆயிடும் இல்ல?"

நைனா கண்ணை மூடிக்கொண்டார். பாஷா பெரிய லாரியின் தலையை அண்ணாந்து பார்த்து, அதற்கு மேலே இருந்த வெட்ட வெளியைப் பார்த்தார். பூசாரி மட்டும் தாடியைத் தடவினார்.

"அதுல ஒண்ணும் தப்பில்ல," என்றார்.

முனுசாமி அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. அதில் கோபம் இல்லை. ஏரிக்குள் வண்டி போனபோதுகூட இவ்வளவு ஆழமில்லையே என்கிற மாதிரி ஒரு பார்வை.

வீட்டுக்குத் திரும்பினோம். நைனா உள்ளே போனதும் நேராக அலமாரிக்குப் போனார். பார்டர் போட்ட வண்டியைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "தூசி தட்டி வெக்கக் கூடாது?" என்றார்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"இல்ல நைனா, ஏடாகூடம் ஆச்சுன்னா அடுப்புக்குன்னு சொன்னீங்களே..."

"ஏடாகூடம் எங்கடா ஆச்சு? அம்மாவே ஏத்துக்கினா!"

சமையலறையிலிருந்து ராஜத்தின் குரல் வந்தது. "காகிதத்தப் பாத்து சரின்னு சொன்னது யாரு மாமா?"

நைனா கூரையைப் பார்த்தார். "தண்ணி காஞ்சிச்சான்னு பாரும்மா," என்றார்.

முனுசாமி அண்ணன் நிஜமாகவே வண்டியை உசத்தினார். ஆசாரியை வைத்து, டிரைவர் கூண்டுக்கு மேல் கூண்டு கட்டி, பக்கப் பலகைகளை ஏற்றி, என் படத்தையே வாங்கிக்கொண்டுபோய் அதன்படி செய்தார்கள். (நான் போட்ட படங்களிலேயே இவ்வளவு பெரிதாக நிறைவேறியது அது ஒன்றுதான்.) முதல் லோடு எங்கள் தெரு வழியாகத்தான் வந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. தெருவின் குறுக்கே கட்டியிருந்த கல்யாண வீட்டு மாவிலைத் தோரணத்தை அறுத்து மாலையாகப் போட்டுக்கொண்டு, ஆடி அசைந்து, என் கைத்தவறு அத்தனை பெரிய உருவமெடுத்துப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே எங்கேயோ ஆழத்தில் பாஷா தெரிந்தார்.

"கெணத்துக்குள்ள உக்காந்துக்கினு ஓட்ற மாதிரி இருக்குது தம்பி!" என்று கத்திக்கொண்டே போனார்.

வைக்கோல் மட்டும் அந்த வட்டாரத்தில் எந்த வண்டியும் ஏற்றாத அளவுக்கு ஏற்றும் என்று பேர் வந்தது. வளைவில் திரும்பும்போது மட்டும் பாஷா அல்லாவையும் அம்மனையும் ஒரே மூச்சில் கூப்பிடுவார் என்றும் சொல்வார்கள். முனுசாமி அண்ணன் என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. எங்கேயாவது எதிரில் பார்த்தால், என்னைக் காலிலிருந்து தலை வரைக்கும் மெதுவாக ஒரு தரம் பார்ப்பார். இவன் உயரமாவது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போல இருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது நீண்டுபோனாலும், எது பொருந்தாமல் போனாலும், ராஜம் சொல்வது ஒன்றுதான்: "பலகை அடிச்சா சரியாப்பூடும்." பிள்ளைக்குத் தைத்த டிராயர் முழங்காலுக்குக் கீழே இறங்கினால் பலகை. பண்டிகைக்கு வந்த விருந்தாளி கிளம்பாமல் இருந்தால் பலகை. பெண்ணுக்கு வந்த மாப்பிள்ளை நிலைப்படியில் குனிந்து நுழைந்தபோது, சம்பந்தி வீட்டார் எதிரிலேயே, என் பிள்ளைகள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார்கள். நைனா உயிரோடு இருந்தவரை, இந்தப் பேச்சு வந்தால் அவருக்கு மட்டும் காது கேட்காது.

கொஞ்ச நாளைக்கு முன்னால் நானும் ராஜமும் தாமலுக்குப் போயிருந்தோம். முனுசாமி அண்ணனின் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அம்மன் கோவிலில் மட்டும், மண்குதிரைகளுக்கு நடுவில் என் லாரி நிற்கிறது. யாரோ வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறார்கள். அதன் முன்னால் வெளியூர்க்காரர் ஒருவர் தன் இரண்டு பிள்ளைகளை நிறுத்திவைத்து விளக்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, அந்தக் காலத்து லாரிடா இது. அப்பெல்லாம் ரோடு ரொம்பக் குறுகல். அதனால லாரிய அகலமாக் கட்டாம இப்படி மேல மேல ஒசரமாக் கட்டுவாங்க."

பையனுக்குச் சந்தேகம் தீரவில்லை. "நெசமாவே இப்படியாப்பா ஓடிச்சு?"

அப்பாக்காரர் வயசான ஆளாகப் பார்த்து என்னிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க பெரியவரே. அப்ப லாரி இப்படித்தானே இருந்துச்சு?"

ராஜம் சட்டென்று அம்மன் பக்கம் திரும்பிக் கைகூப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நான் யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் சொல்வதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

"ஆமாப்பா," என்றேன். "எங்க தெருவிலேயே ஓடிச்சு. நானே என் கண்ணால பாத்திருக்கேன்."